நோய் மகனுக்கு, டாக்டர் ஏன் குடும்பத்தோடு வரச் சொல்கிறார்?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. மனச்சிதைவு நோய் என்று சொல்லி ஆறு மாதமாக மாத்திரை கொடுக்கிறோம். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் பதினொரு மணி வரை படுத்தே கிடக்கிறான், குளிப்பதில்லை, யாரோடும் பேசுவதில்லை. அவன் அப்பா தினமும் திட்டுகிறார். ஊட்டிவிடாத குறையாக எல்லாம் நான்தான் செய்கிறேன். டாக்டர், குடும்பத்தோடு ஆலோசனைக்கு வரச் சொல்கிறார். "அவனுக்கு நோய் என்றால் நான் எதற்கு?" என்கிறார் என் கணவர். எங்கள் வளர்ப்பில் தப்பு என்று டாக்டர் நினைக்கிறாரா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அப்படி எந்த மனநல மருத்துவரும் இன்று நினைப்பதில்லை, அம்மா. தாயின் வளர்ப்புதான் இந்த நோய்க்குக் காரணம் என்று ஒரு காலத்தில் சிலர் எழுதினார்கள். எத்தனையோ தாய்மார்களை அழவைத்த கருத்து அது, ஆராய்ச்சியில் நிற்கவில்லை. ஆனால் நோய் வந்த பிறகு வீட்டுச் சூழல் எப்படி இருக்கிறது என்பது, அது திரும்ப வருமா வராதா என்பதைப் பெரிதும் பாதிக்கிறது.

1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்தார். பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்ததில், ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்வது இருந்த வீடுகளில் ஒன்பது மாதத்துக்குள் பாதிப் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. அமைதியான வீடுகளில் அது சுமார் 13 சதவீதம்தான். சண்டிகரில் இதே முறையில் செய்து 1987இல் வெளியான ஆய்வில், இப்படிக் கடுமை காட்டிய உறவினர்கள் கால்வாசிக்கும் குறைவு. நம் குடும்பங்களுக்குப் பொறுமை அதிகம் என்று அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். பதினொரு மணி வரை படுத்திருப்பதும் குளிக்காததும் சோம்பல் இல்லை, பெரும்பாலும் நோயின் இன்னொரு பக்கம். குரல்கள் மாத்திரைக்கு அடங்கும் அளவுக்கு இது சீக்கிரம் அடங்காது. சில சமயம் மாத்திரையின் மயக்கமும் சேர்ந்திருக்கும். அதை டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக அளவைக் குறைக்காதீர்கள். உங்கள் கணவருக்கு இதை யாரும் விளக்காததால்தான் கோபம் வருகிறது என்று நினைக்கிறேன். "இந்த வயதில் நான் வேலைக்குப் போய்விட்டேன், நீ மாடு மாதிரி தூங்குகிறாய்" என்பதற்குப் பதிலாக, "பத்து மணிக்கு டீ போடுகிறேன், எழுந்து வா, சேர்ந்து குடிப்போம்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். வந்தால், "வந்தது சந்தோஷம்டா" என்று ஒரு வார்த்தை. வராவிட்டால் அன்றைக்கு விட்டுவிடலாம். ஆலோசனையில் இதைத்தான் ஒவ்வொன்றாகப் பேசிப் பழகிப் பார்ப்பார்கள்: நோய் என்னென்ன செய்யும், திரும்பி வருவதற்கு முன் என்ன அறிகுறி தெரியும் (பலருக்குத் தூக்கம் கெடுவது, சந்தேகம் கூடுவது), ஒரு பிரச்சினையைச் சத்தம் போடாமல் பேசி முடிப்பது எப்படி. இது சில மாதங்களில் பல அமர்வுகளாக நடக்கும். மாத்திரையோடு இதுவும் சேரும்போது நோய் திரும்புவதும் மருத்துவமனையில் சேர்வதும் குறைகிறது என்பது பல நாடுகளில் உறுதியான விஷயம்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். தட்டைக்கூட எடுத்து வைக்க விடாமல் எல்லாவற்றையும் நீங்களே செய்வதும் அவனைப் பின்னுக்கு இழுக்கும். சாப்பிட்ட தட்டைக் கழுவுவது மட்டும் அவன் வேலை என்று இந்த வாரம் ஆரம்பியுங்கள். அப்புறம், வாரத்தில் ஒரு மாலையாவது நீங்கள் கோயிலுக்கோ அக்கா வீட்டுக்கோ போய் வாருங்கள். கவனித்துக்கொள்பவர் களைத்துப்போனால் வீடே தளர்ந்துவிடும்.

குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளியின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவதுதான் வழக்கம்.

கணவர் வரவில்லை என்றால் முதல் முறை நீங்கள் மட்டும் போங்கள். இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள். "அரை மணி நேரம், டாக்டரிடம் உங்கள் சந்தேகத்தைக் கேளுங்கள்" என்று கூப்பிட்டால் பல அப்பாக்கள் வருகிறார்கள். போக முடியாத நாளில் அரசின் மனநலத் தொலைபேசி உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். மகன் சாவைப் பற்றிப் பேசினாலோ, மாத்திரையை நிறுத்தினாலோ, தொடர்ந்து இரண்டு இரவு தூங்காமல் இருந்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.