காணி பிரித்து விற்பவர் கோயிலுக்கும் பாடசாலைக்கும் அள்ளிக் கொடுக்கிறார், அவரை நம்பலாமா?

"எங்கள் ஊரில் தேயிலைத் தோட்டமொன்றை வாங்கி, புளொக் புளொக்காகப் பிரித்து விற்பவர் கோயிலுக்கும் பாடசாலைக்கும் நிறையக் கொடுக்கிறார். பாதிப்பேர் அவரை வள்ளல் என்கிறார்கள், மீதிப்பேர் எல்லாம் விளம்பரம் என்கிறார்கள். எதை நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியொருவரோடு நான் ஆறேழு வருடங்களாகப் பழகி வருகிறேன். இலங்கை மலையகத்தில், பண்டாரவளைப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியன். எங்கள் மாரியம்மன் கோயில் கமிட்டியின் செயலாளர். அவருடைய பெயரை இங்கே எழுதுவதாக இல்லை, எழுதினாலும் உங்களுக்குப் பயனில்லை.

எங்கள் தோட்டம் கம்பெனித் தோட்டமல்ல. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம், வயல் அல்லாத காணியில் தனியாருக்கு 50 ஏக்கர் வரைதான் விட்டுவைத்தது. அப்படி மிஞ்சிய துண்டுகளில் ஒன்று எங்களுடையது. பழைய முதலாளியின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்தே அதை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் முதற்கட்டமாக 12 ஏக்கரைப் பத்து, பதினைந்து பேர்ச்சஸ் (160 பேர்ச்சஸ் ஒரு ஏக்கர்) துண்டுகளாகப் பிரித்து, பனிமூட்டம் தெரியும் விடுமுறை வீடுகளுக்கென்று கொழும்பில் விளம்பரம் செய்தார். கீழே இருந்த லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், 18 குடும்பங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன.

அவர் கொடுத்தவற்றை முதலில் சொல்லிவிடுவதே நியாயம். கோயில் மண்டபத்துக்குக் கூரை போட்டார். ஒவ்வொரு வருடமும் பாடசாலை தொடங்கும்போது பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வரும். சாவு வீடென்றால் அவருடைய வான் வந்து நிற்கும். 2022இல் நாடே முடங்கி, கடதாசித் தட்டுப்பாட்டில் கொப்பி விலை எட்டாத உயரத்துக்கு ஏறியிருந்தபோது அவருடைய காணியும் விற்கவில்லை. ஆனாலும் அந்த வருடம் கொப்பி தவறாமல் வந்தது. விளம்பரத்துக்காக மட்டுமே கொடுப்பவர் முதலில் நிறுத்தியிருக்கக்கூடிய செலவு அது. ஆகவே அவரை வெறும் நடிப்புக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிக்கல் வந்தது கானில், அதாவது மழைத்தண்ணீர் வடிகாலில்தான். புதிய வீதிக்குக் கொங்கிறீட் போட்டார்கள். அதன் ஓரத்தில் வெட்டிய கான் அவருடைய எல்லைக்கல்லோடு நின்றுவிட்டது. முன்பு தேயிலைச் செடிக்கடியில் ஊறி இறங்கிய மழைத்தண்ணீர், இப்போது ஒரே பாய்ச்சலில் லயத்தின் பின்சுவரில் வந்து மோதியது. ஒக்டோபர் மழையில் கடைசி நான்கு காம்பராக்களின் (வீட்டு அறைகளின்) தரையில் சேறு கணுக்கால் வரை நின்றது. ஒரு வீட்டில் அவர் தந்த கொப்பிகளே நனைந்து ஊதிப்போய்க் கிடந்தன. கொஸ்லந்தவில் மீரியபெத்த லயங்கள் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண்சரிவில் மண்ணுக்குள் போனதை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. சேறு புகுந்த அந்த இரவு எங்கள் லயத்துச் சனம் கோயில் மண்டபத்தில், அவர் போட்ட கூரைக்குக் கீழேதான், விழித்திருந்தது.

மறுநாள் நானும் கமிட்டித் தலைவரும் அவரிடம் போனோம். அவர் எங்களை உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்து, கொஞ்சம் மனத்தாங்கலோடு சொன்னார்: "சேர், கோயிலுக்குக் கேட்டீங்க, குடுத்தேன். ஸ்கூலுக்குக் கேட்டீங்க, குடுத்தேன். இப்ப கானும் கேக்குறீங்களே." நான் சொன்னேன்: "கோயிலுக்குத் தந்தது உங்க மனசு ஐயா. கான் உங்க பிளான்லயே இருக்கு." அவருக்குக் கோபம் வந்தது, தலைவர் என் காலை மிதித்தார்.

உங்கள் கேள்விக்கு நான் தரக்கூடிய பதில் இந்தப் பேச்சுக்குள்தான் இருக்கிறது. காணி பிரிப்பவர் செய்தே ஆகவேண்டியவை சில உண்டு: வீதி, வடிகால், மண்சரிவு அபாயமுள்ள எங்கள் மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் விதிகள் செல்லும் இடங்களில், ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால், வீதிகளைக் கழித்து மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்க வேண்டும். எங்கள் 12 ஏக்கரில் வீதிகளைக் கழித்தால் ஏறத்தாழ 10 ஏக்கர். அதில் பத்திலொன்று ஒரு ஏக்கர், அதாவது 160 பேர்ச்சஸ். பிரதேச சபையில் பிளானைப் பார்த்தபோது அந்த ஒரு ஏக்கர் 'விளையாட்டிடம்' என்று அழகாகக் குறிக்கப்பட்டிருந்தது. போய்ப் பார்த்தால் அது மூங்கில் புதர் அடைத்த ஓடைச்சரிவு. ஆடுகூட நின்று மேயாது. சட்டப்படி அவர் ஊருக்குக் கொடுக்க வேண்டிய காணி அது. அதை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் நாங்கள் கூரைத்தகட்டுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம்.

கேட்கத் தெரியாததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதுவரை பாதை வேண்டுமென்றாலும் தண்ணீர் வேண்டுமென்றாலும் துரையின் (தோட்ட மேலாளரின்) பங்களா வாசலில் போய்க் கைகட்டி நின்றே பழகிய சனம் நாங்கள். துரை போய் முதலாளி வந்தபோது வாசல் மாறியது, நின்ற விதம் மாறவில்லை.

கான் ஒருவழியாக வந்தது. நான்கு மாதம் இழுத்து, சபையிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்த பிறகு, லயத்தைச் சுற்றி ஓடைவரை கட்டிக்கொடுத்தார். அதன் திறப்பு விழாவுக்கு நாடா வெட்ட ஆள் தேடினார்கள். கமிட்டி அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

அவர் செய்தவற்றில் நான் பெரிதாக நினைப்பது யாரும் படம் பிடிக்காத ஒன்று. எங்கள் மயானத்துக்குப் பாதை இருந்ததில்லை. பிணத்தைத் தேயிலை நிரைகளுக்கு நடுவே வழுக்கி வழுக்கித்தான் தூக்கிப் போவோம். ஒருமுறை அவரும் சாவுக்கு வந்து எங்களோடு நடந்தார். அடுத்த கட்டக் காணியை அளக்கும்போது மயானம் வரை எட்டடிப் பாதையொன்றை விட்டு, நில அளவையாளரைக் கொண்டு வரைபடத்தில் பொதுவழியாகப் பதித்துவிட்டார். விற்றால் இரண்டு மூன்று துண்டாவது ஆகியிருக்கக்கூடிய இடம். கேட்டுப் பெற்றதல்ல, சட்டம் கட்டாயப்படுத்தியதுமல்ல. அவர் நாளைக்கு எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போனாலும் பாதை அங்கேயே கிடக்கும். என் கணக்கில் அவருடைய கொடை அது ஒன்றுதான். மற்றவை உதவி, அல்லது கடமை.

ஆகவே உங்கள் ஊரிலும் நன்கொடைக் கல்வெட்டைப் பார்ப்பதற்கு முன் பிரதேச சபைக்குப் போய்ப் பிளானைப் பாருங்கள். ஒதுக்கிய பொதுக்காணி எங்கே இருக்கிறது, அது சபையின் பெயருக்கு உறுதி (காணிப் பத்திரம்) எழுதிக் கொடுக்கப்பட்டதா, மழைத்தண்ணீர் யாருடைய வீட்டுப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு நன்கொடையை எண்ணுங்கள்.

எங்களுக்கு இன்னும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அரசாங்கம் தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்று பேசிய வீட்டுத்திட்டங்கள் எங்களைப் போன்ற தனியார் காணிக்கு வந்து சேரவில்லை. 18 குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் வீதம் 126 பேர்ச்சஸ், ஒரு ஏக்கர்கூட இல்லை. போன தைப்பூசத்தன்று கோயிலில் வைத்து அவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். விபூதியைப் பூசிக்கொண்டே, "பார்ப்போம் சேர்" என்றார். குடும்பப் பட்டியலை எழுதி, கிராம சேவகரின் கையெழுத்தோடு ஃபைலில் வைத்திருக்கிறேன்.