வள்ளத்து விளக்கின் 250 மில்லி அம்பியர் மணி பற்றரிக்கு எந்த ரெசிஸ்டர்?

சார்ஜ் மொட்யூலில் உள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் போடுங்கள்.

உங்கள் லித்தியம் பற்றரி சூடாகி லேசாக வீங்குவதற்குப் பெரும்பாலும் அந்த 1.2 கிலோதான் காரணம். மொட்யூலில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரி.பி. 4056 சிப்பில் 1200ஐ ஓம் அளவால் வகுத்தால் சார்ஜ் கரண்ட் அம்பியரில் வரும். 1.2 கிலோவுக்கு 1 அம்பியர். 250 மில்லி அம்பியர் மணி பற்றரிக்கு அது நான்கு மடங்கு, மிக அதிகம். 10 கிலோவுக்கு ஏறக்குறைய 120 முதல் 130 மில்லி அம்பியர்தான் வரும். அது பற்றரியின் கொள்ளளவில் பாதி, அதுவே பாதுகாப்பு.

மாற்ற வேண்டியது சிப்பின் 2ஆம் காலோடு சேர்ந்த ரெசிஸ்டர். அதன் முதுகில் 122 என்றிருக்கும், புதியதில் 103.

மாற்றியபின் மல்ரிமீற்றரைப் பற்றரிக்குத் தொடராக வைத்துப் பாருங்கள். பற்றரி 3.7 வோல்ற்றில் இருக்கும்போது 120 முதல் 130 மில்லி அம்பியர் அளவில் காட்ட வேண்டும். முடிவில் 4.2 வோல்ற்றில் நிற்க வேண்டும். வள்ளத்து விளக்கை எரியவிட்டபடி சார்ஜ் போடாதீர்கள். கரண்ட் பத்திலொன்றாகக் குறைந்தால்தான் சிப் நிறுத்தும், விளக்கு இழுத்தால் அது குறையாது.

நிலாவெளி உப்புக்காற்றில் ஈயப்பற்று பச்சை பிடிக்கும். சோதித்தபின் நகப்பூச்சு ஒரு பூச்சுப் பூசுங்கள்.

வீங்கிய பற்றரியை மட்டும் தயவுசெய்து மறுபடி சார்ஜில் போடாதீர்கள். தீப்பிடிக்கும். புதியதே வாங்குங்கள்.