பன்றிக் காதும் முழங்கால் ஜெல்லும்

கேள்வி: முழங்கால் வலிக்கு டாக்டர் டைக்ளோஃபினாக் ஜெல் எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடைத் தம்பி, "இதையெல்லாம் பன்றிக் காதில் தடவித்தான் சோதிப்பாங்க" என்கிறார். செத்த தோலில் பார்த்தது நமக்கு எப்படிப் பொருந்தும்? ஜெல் தடவி, மேலே வெந்நீர்ப் பை வைக்கலாமா?
- வாசகி, விருதுநகர்

பதில்: தம்பி சொன்னது பொய்யில்லை அம்மா. எம்.ஃபார்ம் படித்தபோது நானே காது காதாக அறுத்திருக்கிறேன். உரித்த தோலை ஃப்ரான்ஸ் செல் என்ற கண்ணாடிச் சாதனத்தின் நடுவில் வைத்து இறுக்குவோம். மேல் கிண்ணத்தில் மருந்து. கீழே ரத்தத்துக்குப் பதிலாக உப்புக் கரைசல். அதில் ஒரு குட்டிக் காந்தம் சுற்றிக்கொண்டே இருக்கும். தோலின் மேற்பரப்பு 32 டிகிரியில் இருக்க வேண்டும். மணிக்கொரு தரம் கீழிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, எவ்வளவு மருந்து இறங்கியிருக்கிறது என்று அளப்போம். 24 மணி நேரம். தூக்கம் போச்சு.

என் முதல் சோதனையில் ஒரே மணி நேரத்தில் மருந்து கொட்டோ கொட்டென்று இறங்கிவிட்டது. துள்ளிக் குதித்துக்கொண்டு மேடத்திடம் ஓடினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "காது வெந்நீரில் போட்டதா?" ஆமாம், முடி நீக்கப் போட்டதுதான். எல்லாம் குப்பைக்குப் போனது. அப்புறம் விடியற்காலையிலேயே கசாப்புக் கூடத்து வாசலில் போய் நிற்பேன், வெந்நீர்த் தொட்டிக்கு முன்பே காதை வாங்கிவிட.

வெந்நீர் கெடுத்தது எதை? தோலின் ஆக மேலடுக்கை. 10 முதல் 20 மைக்ரான் தடிமன்தான். காய்ந்த செல்கள் செங்கல், இடையில் இருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால் போன்ற கொழுப்புகள் சாந்து. மருந்துக்குப் பெரிய தடை இந்தச் சுவர்தான். உங்களிடமும் என்னிடமும் உயிரோடு இருக்கும்போதே அது செத்த அடுக்குதான்! மருந்து அதன் வழியே தானாகக் கசிகிறதே தவிர, அதற்குத் தோலின் உயிர் தேவையில்லை. அதனால்தான் காது போதுகிறது.

மனிதச் செல்களை வளர்த்து உண்டாக்கும் எபிடெர்ம், எபிஸ்கின் போன்ற தோல்களும் உண்டு. உயிருள்ளவைதான், ஆனால் அவற்றின் சாந்து நம்முடையதைப் போல இறுகுவதில்லை. மருந்தைக் கூடுதலாக விடும். எரிச்சல் உண்டாகுமா என்று முயலுக்குப் பதிலாகச் சோதிக்க அருமையானவை. உறிஞ்சலுக்கு என் ஓட்டு இன்னும் காதுக்குத்தான்.

சரி, வெந்நீர்ப் பை. வேண்டாம். ஒரு முழங்காலில் 4 கிராம் வீதம் நாளுக்கு 4 முறை தடவியவர்களின் ரத்தத்தில் சேர்ந்தது, மாத்திரையில் சேர்வதில் சுமார் 6 சதவீதம்தான். வயிற்றுக்கு அது நல்லது. சூடு வைத்தால் உள்ளே போகும் அளவு ஏறலாம். இறுக்கிக் கட்டினாலும் அப்படியே. ஒத்தடம் காலையில், ஜெல் ராத்திரியில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.