மாட்சா கேள்வி பதில்: சல்லடையிலிருந்து நுரைச் சண்டை வரை

மாட்சா, அதாவது ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூள், போடுவதற்கு முன் இரண்டு விஷயம். கொதிக்கிற தண்ணீரை ஊற்றாதீர்கள். தூளைச் சலிக்காமல் கலக்காதீர்கள். வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு இதுதான் பதில். மீதிக்கு வருவோம்.

கோவை: அக்கா, எப்படிப் போட்டாலும் ஒரே கசப்பு, அடியில் கட்டி கட்டியாகத் தூள். அளவோடு முதலிலிருந்து சொல்லுங்களேன்.

மாட்சா கரையாது. இலையையே அரைத்த மாவு அது. தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். துகள் மிகவும் சன்னம் என்பதால் டப்பாவிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டிமேல் தண்ணீர் பட்டால் வெளிப்புறம் மட்டும் நனைந்து மூடிக்கொள்ளும், உள்ளே தூள் காய்ந்தபடியே இருக்கும். பிறகு எவ்வளவு அடித்தாலும் உடையாது. அதனால்தான் சல்லடை. சன்னக் கண்ணுள்ள டீ வடிகட்டியே போதும். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

ஒரு ஆளுக்கு 2 கிராம் தூள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். தண்ணீர் 60 முதல் 70 மில்லி. சூடு 75 முதல் 80 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லையென்றால் கொதித்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி, அதிலிருந்து இன்னொரு டம்ளருக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும்.

கிண்ணம் அடி அகலமாக, வாய் 11, 12 சென்டிமீட்டர் இருக்கட்டும். டபரா குறுகல், மாட்சாவை அடிக்கும் மூங்கில் மத்து ஆட இடம் போதாது. கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, மத்தின் நுனியை அதில் ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். காய்ந்த மூங்கில் ஒடியும், ஊறினால் வளையும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைத் துணியால் துடையுங்கள். ஈரம் இருந்தால் சலித்த தூள் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

இப்போது தூளைச் சலித்துப் போட்டு, இரண்டு டீஸ்பூன் தண்ணீர் விட்டுப் பசைபோலக் குழைத்து, பிறகு மீதித் தண்ணீரை ஊற்றுங்கள். மத்தை நேராகப் பிடித்து, நுனி அடியைத் தொட்டும் தொடாமலும், மணிக்கட்டை மட்டும் ஆட்டி முன்னும் பின்னும் வேகமாக அடியுங்கள். வட்டமாகக் கிண்டக் கூடாது. தண்ணீரும் கூடவே சுற்றும், ஒன்றும் கலக்காது. 15, 20 வினாடி போதும். கடைசியில் நுனியை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து மெல்ல ஓட்டினால் பெரிய குமிழிகள் உடைந்து நுரை சன்னமாகும். உடனே குடித்துவிடுங்கள். ஐந்து நிமிடம் வைத்தால் தூள் அடியில் இறங்கிவிடும்.

இவ்வளவு செய்தும் கசந்தால் தூள் பழையது, அல்லது மலிவானது.

ஊட்டி: நம் நீலகிரி கிரீன் டீயை மிக்ஸியில் அரைத்தால் மாட்சா ஆகிவிடாதா?

ஆகாது. மாட்சாவுக்கான தோட்டத்தை, இலை பறிப்பதற்கு முன் 20 நாளுக்கு மேல் நிழல் போட்டு மூடிவிடுவார்கள். வெயில் படாததால் இலையில் பச்சையம் கூடும். வெயிலில் துவர்ப்புக்கான கேட்டசினாக மாறும் தியானின் என்ற அமினோ அமிலம் மாறாமல் தங்கும். மாட்சாவின் இனிப்புக் கலந்த ருசி அதிலிருந்து வருவது. பறித்த இலையை ஆவியில் காட்டி, உருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்குவார்கள். அதற்குத் தென்ச்சா என்று பெயர். அதைக் கல் இயந்திரத்தில் மெதுவாக அரைத்தால் மணிக்கு 40 கிராம் கிடைத்தால் அதிகம். வேகமாகச் சுற்றினால் சூடேறி மணமும் நிறமும் போகும்.

உங்கள் இலை வெயிலில் வளர்ந்தது, உருட்டியது. மிக்ஸி அதைச் சூடாக்கி, மணல்போல நறநறவென்று அரைக்கும். நல்ல நீலகிரி இலையை ஏன் இப்படிக் கெடுக்க வேண்டும்? இலையாகவே ஊறவைத்துக் குடியுங்கள்.

சென்னை: ‘செரிமோனியல் கிரேட்’ (தேநீர்ச் சடங்குக்கான தரம்) என்று போட்டதைத்தான் வாங்க வேண்டுமா?

அந்தப் பெயருக்கு ஜப்பானில் சட்டப்படியான தரநிர்ணயம் எதுவும் கிடையாது. யாரும் டப்பாமேல் அச்சடித்துக்கொள்ளலாம். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. பொருள் பட்டியலில் தேயிலை மட்டும்தான் இருக்க வேண்டும். சர்க்கரை முதலில் இருந்தால் அது மாட்சா மிக்ஸ். ஜப்பானில் விளைந்த ஊர் போட்டிருக்கிறதா பாருங்கள்: ஊஜி, நிஷியோ, யமே, ககோஷிமா. முதல் பறிப்பா, அரைத்த தேதி உண்டா என்று பாருங்கள். கொஞ்சம் தூளை வெள்ளைத் தாளில் விரலால் இழுத்துப் பார்த்தால் நல்லது பளிச்சென்ற பச்சையில் வழவழப்பாகப் பரவும். மஞ்சள் தட்டிப்போய் நெருடினால் கேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: சென்னையில் போர் தண்ணீர் வேண்டாம். உப்பு நீரில் நிறம் மங்கும், ருசி தட்டையாகும். ஆர்.ஓ. தண்ணீர் போதும்.

சேலம்: உடம்பு இளைக்குமா?

இந்தப் பக்கம் ருசிக்கானது.

திருநெல்வேலி: காபியை விட்டுவிட்டு இதற்கு மாறலாமா? கர்ப்பிணிகள் குடிக்கலாமா?

2 கிராமில் காஃபீன் சுமார் 64 மில்லிகிராம். தூளையே விழுங்குவதால் தண்ணீர் சூட்டைக் குறைத்தாலும் காஃபீன் குறையாது. கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் டாக்டரைக் கேளுங்கள். மாட்சாவில் வைட்டமின் கே அதிகம். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது.

மதுரை: மூங்கில் மத்துக்கு அவ்வளவு காசு எதற்கு? பேட்டரியில் ஓடும் நுரை மத்து பாதி விலைகூட இல்லை, நுரையும் இரண்டு மடங்கு.

பாலில் கலக்குவதென்றால் தாராளமாக. வெறும் தண்ணீரில் என்றால் சிக்கல் இருக்கிறது. 60 மில்லி, அகலக் கிண்ணத்தில் விரல் உயரம்கூட வராது. கம்பி வளையம் பாதி வெளியே நின்று சட்டையெல்லாம் தெறிக்கும். அது ஒரே பக்கம் சுழற்றுவதால் கட்டிகள் உடையாமல் ஓரத்துக்கு ஒதுங்கும். குறுகிய உயர டம்ளர் எடுத்து, சலித்த தூளில் முதலில் பசை குழைத்து, மத்தைச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். சரியாக வரும்.

டொராண்டோ: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எலக்ட்ரிக் மத்தா? பாரம்பரியத்தையே கேவலப்படுத்துகிறீர்கள். நுரைதான் மாட்சாவின் உயிர், அது மூங்கிலில்தான் வரும்.

மதுரை: நுரைதான் உயிர் என்றால் என் மத்துதான் ஜெயித்தது!

இரண்டு பேரும் ஒரே தப்பான இடத்தில் நின்று சண்டை போடுகிறீர்கள். நுரை தரத்தின் அளவுகோல் இல்லை. மட்டமான தூளும் நுரைக்கும். தேநீர்ச் சடங்கு மரபுகளுக்குள்ளேயே இதில் ஒற்றுமை கிடையாது. உரசென்கே மரபில் மேற்பரப்பு முழுக்க நுரை மூடும். ஒமோதேசென்கே மரபில் ஒரு பக்கம் பிறைபோல நுரையில்லாமல் விடுவார்கள். கெட்டியாகக் குழைக்கும் மாட்சாவான கோய்ச்சாவில் நுரையே கூடாது. மூவரும் குடிப்பது மாட்சாதான்.

பாரம்பரியம் என்பதால் சொல்கிறேன்: நாரா பக்கத்துத் தகயாமாவில் ஒற்றை மூங்கில் துண்டைக் கையாலேயே எண்பது, நூறு இழைகளாகப் பிளந்து மத்து செய்கிறார்கள். அந்த வேலைக்குத் தரும் காசு அது. பிடித்தால் வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம். பேட்டரி மத்தால் தேநீர் தீட்டுப்பட்டுவிடாது.

டொராண்டோ: ஆனாலும் மூங்கிலில் அடித்தால் ருசி தனி.

குமிழி சன்னமாக இருப்பதால் வாயில் வழவழப்பாகத் தெரியும். அது உண்மை. சலிக்காத தூளென்றால் எந்த மத்தாலும் அது வராது. இத்தோடு இந்தச் சண்டையை நிறுத்துங்கள்.

திருச்சி: புது மத்தின் நடு இழைகள் சுருண்டு இருக்கின்றன. பழுதான சரக்கா?

இல்லை. முதல் முறை ஊறவைத்தால் விரியும். சோப்பு வேண்டாம், வெந்நீரில் அலசினால் போதும். ஈரத்தோடு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும். திறந்த இடத்தில் காயவையுங்கள். நுனி ஒவ்வொன்றாக ஒடிவது இயல்பு, நிறைய ஒடிந்தால் மாற்றிவிடுங்கள்.

ஈரோடு: கோய்ச்சா வீட்டில் போடலாமா?

4 கிராமுக்கு 40 மில்லி தண்ணீர். அடிக்காதீர்கள், மெதுவாகக் குழையுங்கள். தேன்போல வழிய வேண்டும். மிக நல்ல தூள் இருந்தால் மட்டும். சாதாரணத் தூளில் போட்டால் வாயில் வைக்க முடியாது.

வேலூர்: கிரீன் டீ தூளை மிக்ஸியில்...

ஊட்டிக்குச் சொன்ன பதில்.

பெங்களூரு: நல்ல மாட்சா கடையில் கிடைப்பதே இல்லையே, ஏன்?

உலகம் முழுக்க எல்லோரும் கேட்கிறார்கள். 2024 இலையுதிர் காலத்திலேயே கியோட்டோ பகுதியின் இப்போதோ, மாருக்யூ கோயாமாயென் ஆகிய தேயிலை நிறுவனங்கள் ஒருவருக்கு இவ்வளவுதான் என்று கட்டுப்பாடு வைத்தன. முதல் பறிப்பு ஆண்டுக்கு ஒருமுறை, வசந்தத்தில்தான். கல் இயந்திரத்தின் வேகம் மேலே சொன்னது. புதுச் செடி நட்டாலும் பலன் தரப் பல ஆண்டு ஆகும். அதனால் பார்த்ததும் நாலைந்து டப்பா அள்ளிவிடாதீர்கள். பிரித்த தூள் ஒரு மாதத்தில் மங்கத் தொடங்கும்.

தஞ்சாவூர்: பிரிட்ஜில் வைத்த டப்பாவில் தூள் ஈரமாகிவிட்டது. கொதிக்கும் தண்ணீரில் கலக்கினால் சரியாகுமா?

கொதிக்கும் தண்ணீர் எதற்கும் வேண்டாம்! குளிர்ந்த டப்பாவை உடனே திறந்ததால் காற்றின் ஈரம் உள்ளே படிந்துவிட்டது. பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் மூடியபடியே வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். கட்டி தட்டி நிறம் மாறியிருந்தால் இனி தனியாகக் குடிக்க உதவாது. கெட்ட வாடையோ பூஞ்சையோ இருந்தால் கொட்டிவிடுங்கள். இல்லையென்றால் 3 கிராம் தூளை ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு நசுக்கி, கொஞ்சம் வெந்நீரில் குழைத்து, 200 மில்லி குளிர்ந்த பாலும் ஐஸும் சேர்த்துக் குடித்துத் தீர்த்துவிடுங்கள். இதற்குப் பேட்டரி மத்து நன்றாகவே உதவும், மதுரைக்காரர் சந்தோஷப்படட்டும்.