ஆக்ஸ்ஃபோர்டில் கல்லூரி பில்லை ஏன் ‘பேட்டல்ஸ்’ என்கிறார்கள்?

கேள்வி: தங்கை மகளுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு டெர்முக்கும் ‘பேட்டல்ஸ்’ கட்ட வேண்டும் என்று கல்லூரி மெயில் அனுப்பியிருக்கிறது. அகராதியில் தேடினால் போர், சண்டை என்று வருகிறது. இது என்ன கட்டணம்?

சண்டைக்குக் கூப்பிடவில்லை, பயப்படாதீர்கள். ஸ்பெல்லிங்கை இன்னொரு முறை பாருங்கள், battles இல்லை, battels; அது வேறு சொல். நானும் அங்கே முதுநிலை படித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேட்டல்ஸ் என்பது கல்லூரி உங்கள் தங்கை மகள் பெயரில் வைத்திருக்கும் பற்று வரவுக் கணக்கு. ரூம் வாடகை, ஹாலில் கார்டைத் தேய்த்துச் சாப்பிட்டது, கவுன் போட்டுக்கொண்டு உட்காரும் இரவு விருந்துக்கு அழைத்துப் போன விருந்தாளியின் சாப்பாடு, மாணவர் பொது அறைக்கான சந்தா என்று எல்லாம் அதில் ஏறும். தர்ம காரியத்துக்கென்று ஒரு சிறு தொகையும் இருக்கலாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் எடுத்துவிடுவார்கள். சில கல்லூரிகளில் சமையலறை நடத்தும் செலவுக்கு ஒரு நிலையான தொகை உண்டு. ரூம் பக்கத்துக் குட்டிச் சமையலறையில் தினமும் ரசம் வைத்துச் சாப்பிட்டாலும் அது வரும். நம் ஊர் ஹாஸ்டலில் சாப்பிடாத நாளுக்கும் மெஸ் பில் வருவது போலத்தான். எனக்குக் கடைசி வரை உறுத்தியது அந்த ஒரு தொகைதான்.

இனி பெயருக்கு வருகிறேன். ஊட்டிக் கொழுக்க வைப்பது என்ற பொருளில் ஆங்கிலத்தில், குறிப்பாக வட இங்கிலாந்து வழக்கில், ஒரு வினைச்சொல் இருந்தது. பேட்டல்ஸ் அதன் உறவாக இருக்கலாம் என்பது அகராதிக்காரர்கள் கணிப்பு. முன்பு கல்லூரியில் எல்லோருக்கும் பொதுவாக அளக்கும் சாப்பாட்டுக்கு ‘காமன்ஸ்’ என்று பெயர். அதற்கு மேல் நீங்களாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் அது பேட்டல்ஸ். ரொட்டியும் பீரும் கொடுக்கும் இடம் ‘பட்டரி’. வெண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பீப்பாய் வைக்கும் அறை என்று அர்த்தம். யார் என்ன வாங்கினார்கள் என்று அங்கே ஒரு பேரேட்டில் எழுதி வைப்பார்கள். காலப்போக்கில் சாப்பாட்டுக் கணக்கோடு மற்றதெல்லாம் சேர்ந்து, மொத்த பில்லுக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது.

பழைய மரபு என்றதும் பலர் உருகிவிடுகிறார்கள். எனக்கு அந்த உருக்கம் வருவதில்லை. காரணம், அன்று பில்தான் அந்தஸ்து. காசு கொடுத்து காமன்ஸ் சாப்பிட்டவன் ‘காமனர்’. அதைவிட வசதியான வீட்டுப் பிள்ளை ‘ஜென்டில்மேன் காமனர்’. காமன்ஸ் இல்லாமல், தனக்கு வேண்டியதை மட்டும் சொல்லி வாங்கிக் கொண்டவன் ‘பேட்டலர்’. அவனுக்கும் கீழே, மற்றவர்களுக்கு ஊழியம் செய்து படித்த ‘சர்விட்டர்’. கேம்பிரிட்ஜில் இந்தக் கடைசி வகைக்கு ‘சைஸர்’ என்று பெயர். அதுவும் சாப்பாட்டு அளவிலிருந்து வந்த சொல்தான். 1661-இல் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தபோது நியூட்டன் அதிலும் ஒரு படி கீழே, ‘சப்சைஸர்’. எதைத் தின்கிறாய், யார் காசில் தின்கிறாய் என்பதை வைத்து மாணவனுக்குப் பெயர் வைத்த காலம் அது.

இந்தக் கணக்குப் புத்தகங்கள் எதிர்பாராத ஒரு வேலையும் செய்தன. ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜான்சன் 1728 அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டின் பெம்புரோக் கல்லூரியில் காமனராகச் சேர்ந்தார். கையில் காசில்லை. ஷூ கிழிந்து விரல் வெளியே தெரிந்ததாம். யாரோ இரக்கப்பட்டு வாசலில் வைத்துவிட்டுப் போன புது ஷூவைக் கோபத்தில் தூக்கி எறிந்தாராம். வகுப்புக்குப் போகாததற்கு அபராதம் போட்ட ஆசிரியரிடம், “ஒரு பென்னி பெறாத பாடத்துக்கு இரண்டு பென்னி அபராதமா?” என்று கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. அவர் மூன்று வருடம் அங்கே படித்தார் என்று வாழ்க்கை வரலாறு எழுதிய பாஸ்வெல் சொல்லிவிட்டார். பின்னால் வந்தவர்கள் கல்லூரியின் பழைய கணக்கைப் புரட்டினால், 1729 டிசம்பரோடு அவர் தொடர்ந்து தங்கியிருந்த தடயம் நின்றுவிடுகிறது. ஏறத்தாழ 13 மாதம்தான். பட்டம் வாங்காமலே கிளம்பிவிட்டார். நண்பர்களின் நினைவை விட ரொட்டிக் கணக்கு துல்லியமாக இருந்திருக்கிறது.

சரி, ஆன்லைனில் பில் வரும் காலத்திலும் இந்தப் பெயர் ஏன் போகவில்லை? ஆக்ஸ்ஃபோர்டில் 30-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குத் தனி நிர்வாகம், தனிச் சொத்து, தனிச் சமையலறை, பணக் கணக்கைப் பார்க்கத் தனி அதிகாரி (பர்சர்). பெயரை மாற்று என்று எல்லோருக்கும் சேர்த்து உத்தரவு போட மேலே ஆள் கிடையாது. மாணவர் அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, பற்று எழுதிக் கொள்ளும் ஏற்பாடும் மாறவில்லை. டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகளிலும் இந்தச் சொல் உண்டு. கேம்பிரிட்ஜில் வெறும் ‘காலேஜ் பில்’ என்று முடித்துக் கொள்கிறார்கள்.

அப்புறம் காரியத்துக்கு வருவோம். படிப்புக் கட்டணத்தையும் பெரும்பாலும் கல்லூரிதான் வசூலிக்கும், அதனால் எந்தத் தொகை எதற்கு என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விடுமுறையிலும் ரூமில் தங்கப் போகிறாரா என்பதை முன்பே கேட்டுக் கொள்ளுங்கள், அதற்குத் தனி வாடகை வரலாம். தேதி தாண்டினால் தாமதக் கட்டணம் போடும் கல்லூரிகள் உண்டு. இங்கிருந்து பணம் அனுப்பும்போது நடுவில் இருக்கும் வங்கி கமிஷன் பிடித்துக் கொண்டால் சில பவுண்டு குறைவாகப் போய்ச் சேரும், அந்தக் குறைவும் பாக்கியாகத்தான் நிற்கும். அனுப்பும் முன் வங்கியில் அதைக் கேட்டுவிட்டு, மாணவர் எண்ணையும் மறக்காமல் குறிப்பில் போட்டு அனுப்புங்கள்.