மீன் தொட்டியில் வெள்ளைக் கறை: ஆசிட் வேண்டாம், வினிகர் போதும்

கேள்வி: மேடவாக்கத்தில் இருக்கிறோம். எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். மூன்றடி மீன் தொட்டியில் கோல்டு ஃபிஷ், மோலி வளர்க்கிறோம். தண்ணீர் மட்டத்தை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கறை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. பாத்ரூம் ஆசிட் போட்டால் ஒரே நிமிடத்தில் போய்விடும் என்கிறார் தொட்டி கழுவ வருபவர். ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறச் சொல்கிறார் இன்னொருவர். என்ன செய்யலாம்?

பதில்: ஆசிட் வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறையைக் கரைக்கும், ஆனால் மீன் இருக்கும் தொட்டியில் தவறி விழுந்தால் மீன் பிழைக்காது. பிளீச்சிங் பவுடர் ஒட்டியிருக்கும் பக்கெட்டில் அதே ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். அது ஆளுக்கே ஆபத்து. கடையில் விற்கும் கண்ணாடி கிளீனரும் ஆகாது. பலவற்றில் அமோனியா இருக்கிறது. மீன் கடைகளில் என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரிகூட அச்சடிக்காத பாட்டில்களை 'மீனுக்குப் பாதுகாப்பானது' என்று தைரியமாக விற்கிறார்கள். கேட்பாரே இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

உங்கள் கண்ணாடியில் இருப்பது சுண்ணாம்பு. தண்ணீர் ஆவியாகிப் போனாலும் அதிலிருந்த கால்சியமும் மக்னீசியமும் போவதில்லை, கண்ணாடியிலேயே கல்லாக இறுகிவிடுகின்றன. தேய்த்தால் கை வலிக்கும், அவ்வளவுதான். அதைக் கரைக்கப் புளிப்பு வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் நிறமில்லாத வினிகரே போதும்.

முதலில் ஹீட்டர், ஃபில்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். தண்ணீருக்கு வெளியே ஓடினால் ஹீட்டர் வெடித்துவிடலாம். கறைக்கு நான்கு விரல் கீழே வரை தண்ணீரை எடுத்துவிட்டு, வினிகரில் நனைத்துச் சொட்டாமல் பிழிந்த டிஷ்யூவைக் கறைமேல் ஒட்டுங்கள். அரை மணி நேரம் காயாமல் இருக்க வேண்டும். அப்புறம் ஈரத்தோடேயே புது பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் உரிந்து வரும். மூலைகளில் இருக்கும் சிலிக்கானை மட்டும் பிளேடு தொடக் கூடாது, தொட்டால் நாளைக்குத் தொட்டி ஒழுகும். ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைத்த பிறகு தண்ணீரை நிரப்புங்கள். இரண்டு மூன்று தடவை செய்தும் மங்கலாகவே இருந்தால் அது கறை அல்ல, கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது. பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று வருபவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், மங்கல் பெரிதாகத் தெரியாது.

இரண்டு சொட்டு வினிகர் உள்ளே விழுந்துவிட்டால்? உங்கள் தொட்டியில் பயமில்லை. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் அந்தப் புளிப்பை விழுங்கிவிடும், பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு; புளிப்பு ஏறினால் இது இறங்கும்) அசையாது. ஆனால் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றிய தொட்டி என்றால் கதை வேறு. அந்தத் தண்ணீரில் புளிப்பைத் தாங்க எதுவுமே இல்லை. கொஞ்சம் சேர்ந்தாலே பி.எச். சரியும், மீன் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கும். அப்படிப்பட்ட தொட்டி வைத்திருப்பவர்கள் மீன்களை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் வினிகரை எடுக்க வேண்டும். 'நாலு சொட்டுதானே' என்று பார்க்கக் கூடாது. சின்னத் தொட்டி என்றால் இன்னும் கவனம்.

இந்தக் காரணத்தால்தான் முழுக்க ஆர்.ஓ.வுக்கு மாறச் சொல்பவரை நம்பாதீர்கள் என்கிறேன். மோலிக்குக் கால்சியமும் மக்னீசியமும் நிறைந்த கடினத் தண்ணீர்தான் பிடிக்கும், கோல்டு ஃபிஷ்ஷும் தாங்கும். ஆர்.ஓ. கருவி விற்பவர்கள் வீட்டுக்கு வந்து தண்ணீரில் கம்பியை விட்டு மின்சாரம் பாய்ச்சி, பழுப்பு நிறமானதும் "பாருங்க சார், எவ்வளவு அழுக்கு" என்பார்கள். அந்த நிறம் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல, அவர்கள் கொண்டுவந்த இரும்புக் கம்பி அரிப்பதால் வருவது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அதில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். இதைக் காட்டியே எத்தனையோ குடும்பங்களிடம் ஆயிரக்கணக்கில் வாங்கிவிட்டார்கள்.

சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்துப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 600 வரை. அடுக்குமாடி கட்டுபவர்கள் போர் போட்டதும் இந்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கிக் குடியிருப்பவர்களிடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கறை திரும்ப வராமல் இருக்க, ஆவியாகிக் குறையும் அளவுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ ஊற்றுங்கள். வாராவாரம் மாற்றும் தண்ணீர் போர் தண்ணீராகவே இருக்கட்டும். தொட்டிக்கு மூடி போடுங்கள், ஆவியாவது குறையும். மூடி அக்ரிலிக் என்றால் அதில் படியும் கறைக்கு வினிகர் நனைத்த மெல்லிய துணி மட்டும். பிளேடு பட்டால் கீறிவிடும்.