கார்பன் மோனாக்சைடு அலாரம் 'கீச் கீச்' என்கிறது. பேட்டரியை மாற்றினால் போதுமா?

எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது அம்மாதான். டொராண்டோவில் எங்களோடு ஆறு மாதம் தங்க வந்திருந்தார். ஜனவரி மாதம், விடியற்காலை மூன்று மணி. "டேய், பல்லி கத்துதுடா, எந்தப் பக்கம்னுதான் தெரியல" என்று எழுப்பினார். வெளியே மைனஸ் 18 டிகிரி, இதில் ஏது பல்லி? அவர் பலன் பார்க்கத் திசையைத் தேட, நான் ஸ்டூலைத் தேடினேன்.

நிமிடத்துக்கு ஒரு தரம் ஒற்றைக் 'கீச்' என்றால் பெரும்பாலும் பேட்டரிதான். நான்கு முறை வேகமாக அலறி, சற்று நிறுத்தி, மறுபடி நான்கு என்றால் அது கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு. அப்போது ஸ்டூலைத் தேடாதீர்கள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய் 911-ஐ (இங்கே அவசர உதவி எண்) அழையுங்கள். வாடையே இல்லையே, பொய் அலாரமாக இருக்கும் என்று நினைக்கவும் வேண்டாம், இந்த வாயுவுக்கு வாடையே கிடையாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்கு அறைக்குள் கரியடுப்பு மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்று செய்தி படித்திருப்பீர்கள். அதே வாயுதான். இங்கே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் கேஸ் ஹீட்டரும் அந்த வேலையைச் செய்துவிடும்.

அது ஏன் எப்போதும் நடு ராத்திரியில் கத்துகிறது என்றால், இரவில் வீடு கொஞ்சம் குளிரும், குளிர்ந்தால் தீரப்போகிற பேட்டரியின் வோல்டேஜ் இன்னும் இறங்கும். பகலில் சமாளித்தது மூன்று மணிக்கு மாட்டிக்கொள்கிறது.

மாற்றுவது சுலபம். சுவரில் இருப்பது இடப்பக்கம் திருகினால் கழன்று வரும் (சிலவற்றை இழுக்க வேண்டும்). பிளக்கில் மாட்டுகிற வகை என்றால் முதலில் பிளக்கை உருவிவிடுங்கள். எந்த பேட்டரி, எத்தனை என்பது உள்ளேயே அச்சிட்டிருக்கும். எங்களுடையதில் மூன்று ஏஏ. நான் செய்த முட்டாள்தனம், மகனின் பொம்மைக் காரிலிருந்து ரீசார்ஜபிள் பேட்டரியை எடுத்துப் போட்டது. அது 1.2 வோல்ட், அல்கலைன் 1.5. கருவி அதைத் தீர்ந்த பேட்டரி என்றே எடுத்துக்கொண்டு மறுநாளே கீச் என்றது. புது அல்கலைனாக, மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். அப்புறம் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பிடித்து அலற வையுங்கள். அந்த அலறல் ஒலிப்பானும் பேட்டரியும் சரி என்று மட்டும்தான் சொல்லும். வாயுவை உணர்கிறதா என்று சொல்லாது.

நான் சறுக்கிய இடமும் அதுதான். நல்ல பேட்டரி போட்ட இரண்டாம் நாள் மறுபடி கீச். அப்போதுதான் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். தயாரிப்புத் தேதி ஒன்பது வருடத்துக்கு முந்தையது, ஆயுளோ ஏழு வருடம்தான். உள்ளே இருக்கும் சென்சார் வேதிப்பொருளால் ஆனது, நாளாக ஆக அதுவே செத்துவிடும். மாடலைப் பொறுத்து ஐந்து, ஏழு, பத்து வருடம். அதற்கு மேல் தங்க பேட்டரி போட்டாலும் பிரயோஜனம் இல்லை. ஸ்டூலில் ஏறியதும் முதலில் இதைப் பார்த்திருந்தால் பேட்டரிக் காசு மிச்சம்.

வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "பேட்டரியக் கழட்டி வச்சிருங்க, சத்தம் நின்னுரும்" என்றார். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் வாடகை வீட்டு அலாரத்தைச் சரியாக வைத்திருப்பது வீட்டுக்காரரின் சட்டப்படியான கடமை. 2008 டிசம்பரில் உட்ஸ்டாக் நகரில், கேஸ் கணப்பின் புகைக்குழாய் அடைத்துக்கொண்டதில் ஒரு போலீஸ் அதிகாரியின் குடும்பமே, நான்கு பேரும், போனது. வீட்டில் அலாரம் இல்லை. அதன் பிறகுதான் 2013-ல் சட்டம் வந்தது. இதை எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் புதுக் கருவி வந்தது.

அது பத்து வருட பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிய வகை, மாற்றும் வேலையே இல்லை. காலாவதித் தேதியைப் பார்க்க ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டாம் என்று முன்பக்கத்திலேயே மார்க்கரால் பெரிதாக '2034' என்று எழுதி வைத்திருக்கிறேன். பார்க்க அசிங்கம்தான்.